நண்டுக் கதையை இனி நிறுத்துவோம்

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் குடும்பங்கள் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாதவர்களும் வாசிப்பதற்காக இங்கே தரப்படுகிறது.)

 

உங்களுக்கெல்லாம் தெரிந்த கதையோடு தொடங்குகிறேன். மீன் சந்தையில் இரண்டு வாளி நிறைய நண்டு. ஒரு வாளிக்கு மூடி உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. காரணம் கேட்டால் வியாபாரி சொல்கிறான்: "மூடி இல்லாத வாளியில் இருப்பது தமிழ் நண்டு. ஒன்று மேலே ஏறினால் மற்றது காலைப் பிடித்து இழுத்துவிடும். மூடி எதற்கு?"

எல்லாரும் சிரிப்போம். கலியாண வீட்டில் சிரிக்கிறோம், கோயில் ஆண்டுக் கூட்டத்தில் சிரிக்கிறோம், தேர்தல் மேடையிலும் சிரிக்கிறோம். பக்கத்தில் நம் பிள்ளை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. "நம்ம ஆளுங்களே இப்படித்தான்" என்ற பாடத்தை அது பள்ளிக்கூடத்தில் படிப்பதில்லை. நம் மடியில் உட்கார்ந்துதான் படிக்கிறது.

ஒன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். இந்தக் கதை நம்முடையதே அல்ல. பிலிப்பைன்ஸ் மக்கள் தங்களைப் பற்றி இதே நண்டுக் கதையைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களிடமும் இது உண்டு. நெடுங்காலம் அடக்கப்பட்ட மக்கள் பலர், இது தங்கள் இரத்தத்திலேயே ஊறிய குணம் என்று நம்புகிறார்கள். எல்லா இரத்தத்திலும் இருப்பது எப்படி ஓர் இனத்தின் தனிக்குணம் ஆகும்?

நண்டு வாளிக்குள் பிறக்கவில்லை என்பதையும் யோசியுங்கள். யாரோ பிடித்துப் போட்டார்கள். ஏறப் பிடிமானம் இல்லாத இடத்தில் அகப்பட்டதைப் பற்றிக்கொண்டுதான் எந்த உயிரும் ஏறப் பார்க்கும். கதை சொல்கிறவர்கள் நண்டைப் பற்றியே பேசுகிறார்கள். வாளி எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. இன்று அதைத்தான் கேட்கப் போகிறோம்.

புவா பாலாவில் நடந்தது

நம் பினாங்கில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலா உங்களுக்கு நினைவிருக்கும். மாடும் ஆடும் மேய்ந்த பச்சை நிலம் என்பதால் பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரால் 'ஹை சப்பரல்' என்றும் அழைத்தார்கள். பொங்கல் வந்தால் பல இடங்களிலிருந்தும் ஆட்கள் அங்கே போவார்கள்.

மலாய் மொழியில் புவா பாலா என்றால் சாதிக்காய். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வட்டாரம் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக் குடும்பத்தின் தோட்டம். ஜார்ஜ் டவுனில் பாடாங் பிரவுன் என்று ஒரு திடல் இருக்கிறதல்லவா? அந்தப் பெயரும் இந்தக் குடும்பத்தால் வந்ததுதான். அந்தத் தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்தவர்களே தாங்கள் என்று புவா பாலா மக்கள் சொன்னார்கள். தொழிலாளர்களுக்காக அந்தக் குடும்பம் அறக்கட்டளையாக விட்டுச்சென்ற நிலம் இது என்பது அவர்களுடைய வாதம்.

ஆனால் ஆவணத்தில் அது அரசாங்க நிலமாக இருந்தது. பினாங்கு மாநில அரசு உயர் அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு அதை விற்கும் முடிவு, முந்தைய பாரிசான் மாநில ஆட்சியில் எடுக்கப்பட்டது. நிலம் சங்கத்தின் பெயருக்கு மாறியது 2008 மார்ச் தேர்தலுக்குப் பிறகு, பக்காத்தான் ஆட்சி வந்த கையோடு. ஆகவே இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் கைகாட்ட வசதியாகப் போயிற்று. வழக்கு நீதிமன்றங்கள் வழியாக நடந்தது. 2009 ஜூனில் கூட்டரசு நீதிமன்றமும் கதவைச் சாத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் மண்வாரி இயந்திரங்கள் வந்தன. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

இடிப்பதற்கு முன் ஒரு சலுகை வந்தது. அரசு பேச்சு நடத்தியதன் பேரில், மேம்பாட்டாளர் மாடி வீடு கட்டித் தருவதாகச் சொன்னார். அன்றைய விலையில் அது பெரிய சொத்து. பெரும்பாலான குடும்பங்கள் கடைசியில் ஏற்றுக்கொண்டன. சில குடும்பங்கள் முடியாது என்று நின்றன. தலைமுறை தலைமுறையாக ஒரே கிணற்றடியில் புழங்கிய மக்கள் இரண்டு அணியானார்கள். வெளியிலிருந்து நாம் என்ன செய்தோம்? ஏற்றவர்களை "விலைபோனவர்கள்" என்றோம், மறுத்தவர்களைப் "பேராசைக்காரர்கள்" என்றோம். "பார்த்தீர்களா, நண்டு புத்தி!" என்று கதையை முடித்தோம்.

தோழர்களே, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கைவிரித்த சட்டம்

புவா பாலா மக்களிடம் காலம் இருந்தது, காகிதம் இல்லை. நம் நாட்டில் நிலச் சட்டத்துக்குக் காகிதம்தான் கண். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அரசாங்க நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும், உரிமம் பெற்றே குடியிருந்தாலும், அதனால் நில உரிமை வந்துவிடாது. உங்கள் பாட்டனார் நட்ட தென்னை வானத்தைத் தொட்டாலும் சரி, சட்டத்தின் கண்ணில் நீங்கள் புறம்போக்குவாசிதான்.

'டிஓஎல்' என்ற தற்காலிகக் குடியிருப்பு உரிமம் பலருக்குத் தெரியும். ஆண்டுதோறும் கட்டணம் கட்டி ரசீதை இரும்புப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அந்த உரிமம் அந்தந்த ஆண்டோடு முடிவது. அதை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. எடுத்தவர் இறந்தால் அதுவும் அவரோடு போய்விடும், பிள்ளைக்கு வராது. நாற்பது ஆண்டு ரசீதை ஒருவர் நம்பிக்கையோடு என் மேசையில் விரித்து வைக்கும்போது, இதை அவருக்கு எடுத்துச் சொல்வதுதான் என் தொழிலில் எனக்கு மிகவும் கடினமான வேலை.

தோட்டத்திலிருந்து வந்த மக்களுக்கு ஏன் காகிதம் இல்லை? லயத்து வீடு முதலாளியின் வீடு. வேலை போனால் வீடும் போகும். பிள்ளை பிறந்த பத்திரம், கலியாணப் பதிவு, அடையாள அட்டை எல்லாம் கிராணி எழுதினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இப்படிப் பல தலைமுறை வாழ்ந்தவர்களைப் பட்டணத்தில் இறக்கிவிட்டு, "ஏன் பத்திரம் வாங்கி வைக்கவில்லை, சோம்பேறிகளா?" என்று கேட்பது நியாயமா? இதுதான் வாளி!

இரண்டு கைதிகள்

இப்போது அந்தச் சலுகைக்கு வருவோம். 1950-இல் ஆல்பர்ட் டக்கர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் ஒரு கதை சொன்னார். இரண்டு கைதிகளைத் தனித்தனி அறையில் வைக்கிறார்கள். இருவரும் வாய் திறக்காவிட்டால் இருவருக்கும் சிறிய தண்டனை. ஒருவன் மட்டும் காட்டிக்கொடுத்தால் அவனுக்கு விடுதலை, மற்றவனுக்கு நீண்ட சிறை. இருவரும் காட்டிக்கொடுத்தால் இருவருக்கும் பெரிய தண்டனை. பேசாமல் இருப்பதுதான் இருவருக்கும் நல்லது. ஆனாலும் ஒவ்வொருவனும் "அவன் முந்திக்கொண்டால் என் கதி என்ன?" என்று நினைத்துக் காட்டிக்கொடுத்துவிடுவான்.

அந்த அறையில் தமிழன் இருந்தாலும், சீனன் இருந்தாலும், வெள்ளைக்காரன் இருந்தாலும் முடிவு அதுவாகத்தான் இருக்கும். ஆளைக் கெட்டவனாக்கியது அந்தத் தனி அறைதான்.

நிலத்தை எடுக்க வருகிறவர்களுக்கு இந்தப் பாடம் நன்றாகத் தெரியும். அதனால்தான் நாடு முழுவதும் இப்படிப்பட்ட விவகாரங்களில் குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். "இந்தத் தேதிக்குள் கையெழுத்துப் போட்டால் கிடைக்கும்" என்கிறார்கள். "பக்கத்து வீட்டுக்காரர் போட்டுவிட்டாரே" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வார்கள்.

உங்களை ஒரு தகப்பனாக அங்கே வைத்துப் பாருங்கள். வழக்குத் தோற்றுவிட்டது. வாசலில் இயந்திரம். மகள் இடைநிலைப்பள்ளித் தேர்வு எழுத வேண்டும். அம்மா மருந்தில் வாழ்கிறார். கையெழுத்துப் போட்டால் பிள்ளைக்கு ஒரு கூரை. நீங்கள் என்ன செய்வீர்கள்? இன்னொரு வீட்டைப் பாருங்கள். மாடு வளர்த்துப் பிழைப்பவருக்கு மாடி வீட்டில் கொட்டகை ஏது? ஒரே வாசலுக்குள் அண்ணன் தம்பி என்று பல குடும்பம் இருந்தால் ஒரு வீட்டை எப்படிப் பங்கு போடுவது? அவர் மறுத்தால் அது பேராசையா?

ஏற்றவருக்கும் காரணம் இருந்தது, மறுத்தவருக்கும் காரணம் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து, "நாம் எல்லாரும் ஏற்பதா, எல்லாரும் மறுப்பதா? ஏற்றால் எந்த நிபந்தனையில்?" என்று முடிவெடுக்கும் ஏற்பாடு நெருக்கடி வந்த பிறகு உருவாக முடியாது. அது பத்து ஆண்டுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். மூலைக்குத் தள்ளப்பட்ட மனிதன் அன்று செய்ததை வைத்து அவன் குணத்தை எடைபோடாதீர்கள். அவனை மூலைக்குத் தள்ளிய ஏற்பாட்டை எடைபோடுங்கள்.

"சீனர்களைப் பார்" என்கிறார்களே

அடுத்து ஒருவர் எழுந்து கேட்பார்: "ஐயா, சீனர்கள் மட்டும் எப்படி ஒற்றுமையாக இருக்கிறார்கள்? அது அவர்கள் பிறவிக் குணம்தானே?"

1867 ஆகஸ்டில் இந்த ஜார்ஜ் டவுன் தெருக்களில் சீனர்களின் இரண்டு இரகசியச் சங்கங்கள் நாள்கணக்கில் வெட்டிக்கொண்டன. பினாங்குக் கலவரம் என்று வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. தெருவில் தடுப்புக் கட்டி, தீ வைத்து, ஆளைக் கொன்ற சண்டை. பிறவி ஒற்றுமை என்றால் அப்போது அது எங்கே போயிருந்தது?

அப்படியானால் இன்று நாம் பார்த்துப் பெருமூச்சு விடும் கூ கொங்சி போன்ற குலமன்றங்கள் எதனால் நிற்கின்றன? குலத்தின் பெயரில் சொத்து இருக்கிறது. நிர்வகிக்க அறங்காவலர்கள் இருக்கிறார்கள். கணக்கு இருக்கிறது. யார் உறுப்பினர், யாருக்கு என்ன உதவி என்ற விதி இருக்கிறது. தனி ஆள் கையெழுத்துப் போட்டு விற்றுவிட முடியாது. ஒற்றுமையை அவர்கள் விதியில் எழுதி வைத்தார்கள். நாம் அதை மேடையில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பத்து வெள்ளியில் வாங்கிய தோட்டம்

நம்மவர்க்கு இது வராது என்கிறவர்களுக்கு ஒரு பதில் சொல்கிறேன்.

1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அப்போது துன் சம்பந்தன் அவர்கள் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. நாட்கூலியில் வாழும் பால்வெட்டுத் தொழிலாளியிடம் நூறு வெள்ளி ஏது? மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள்.

கட்டினார்கள்! எழுத்து வாசனை இல்லாத அம்மாக்கள் கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது பக்கத்து மாநிலமான கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வாங்கினார்கள். சங்கம் இன்றும் இருக்கிறது. மேடை அரசியலில் யாருக்கு எந்தக் கட்சி பிடிக்கும் பிடிக்காது என்பது வேறு. இந்த உண்மையை நாம் மறைக்கக் கூடாது. அந்தப் பால்வெட்டுக்காரர்களும் இதே 'நண்டு' இனம்தான். ஆளுக்கு ஒரு பங்குச் சீட்டும், எழுதிய விதியும், ஊரறிந்த கணக்கும் கொடுத்தபோது அவர்கள் யார் காலையும் இழுக்கவில்லை.

நம் வீட்டுப் பெண்கள் பிடிக்கும் கூட்டையும் பாருங்கள். பத்துப் பேர், மாதம் நூறு வெள்ளி, முறை வைத்து எடுப்பது. எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள், முறை எல்லாருக்கும் தெரியும், அதனால் நம்பிக்கை நிற்கிறது. (வழக்கறிஞன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை: கூட்டை வியாபாரமாக நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல்தான் இருக்கிறது!)

இதையே உலக அளவில் ஆராய்ந்தவர் எலினோர் ஆஸ்ட்ரோம் என்ற அம்மையார். பொதுச் சொத்து என்றால் மனிதன் சுரண்டித்தான் தீர்ப்பான் என்று அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, இவர் ஊர் ஊராகப் பார்த்தார். சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலம், ஜப்பானின் கிராமக் காடு, ஸ்பெயினின் வாய்க்கால் பாசனம் ஆகியவற்றை ஆராய்ந்தார். பிலிப்பைன்ஸ் விவசாயிகளின் பாசனச் சங்கங்களையும் ஆராய்ந்தார். நண்டுக் கதை சொல்லும் அதே பிலிப்பைன்ஸ்தான்! பல தலைமுறையாக ஒற்றுமை குலையாமல் நடந்த இடங்களில் அவர் கண்டது இதுதான்: விதியை அந்த மக்களே எழுதினார்கள், ஒருவரை ஒருவர் கண்காணித்தார்கள், தவறினால் முதலில் சிறிய தண்டனை, சண்டை வந்தால் செலவில்லாமல் தீர்க்க ஓர் இடம். 2009 அக்டோபரில் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். புவா பாலா இடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

நவம்பர் 25

2007 நவம்பர் 25-ஐ மறக்க முடியுமா? கோலாலம்பூரில் கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் வந்தபோது ஆயிரமாயிரம் பேர் நின்றார்கள். அன்று ஒருவர் காலை ஒருவர் இழுக்கவில்லை. கீழே விழுந்தவரைத் தூக்கிவிட்டார்கள். அடுத்த மாதமே ஐந்து தலைவர்களை விசாரணையின்றித் தடுத்து வைத்தார்கள். 2008 அக்டோபரில் இயக்கம் தடை செய்யப்பட்டது. அதன் பிறகு அணிகள், பிளவுகள், ஆளுக்கொரு கொடி.

இந்தச் சில ஆண்டுகளில் நம் இரத்தமா மாறிவிட்டது? அன்று சேர்த்தது கோபம். கோபத்தால் ஒரு நாள் நிற்க முடியும், பத்து ஆண்டு நிற்க முடியாது. பத்து ஆண்டு நிற்க வேண்டுமென்றால் கிளையும், கணக்கும், கருத்து வேறுபட்டால் துரோகி என்று சொல்லாமல் பேசித் தீர்க்கும் முறையும் வேண்டும்.

வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியவை

பேச்சோடு போகக் கூடாது. சில வேலைகள் சொல்கிறேன்.

ஒன்று: நீங்கள் இருக்கும் நிலம், உங்கள் கோயில் நிற்கும் நிலம், பிள்ளை படிக்கும் தமிழ்ப்பள்ளி நிலம் யார் பெயரில் இருக்கிறது? நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பட்டா விவரத்தைத் தேடிப் பாருங்கள். நோட்டீஸ் வந்த பிறகு ஓடாதீர்கள்.

இரண்டு: தாத்தா பெயரிலேயே கிடக்கும் சொத்தை உயிரோடு இருப்பவர்கள் பெயருக்கு மாற்றுங்கள். அண்ணன் தம்பி சண்டையில் பாதி, குணத்தால் வருவதில்லை. பெயர் மாற்றாத பத்திரத்தால் வருகிறது.

மூன்று: அடுக்குமாடியில் மின்தூக்கி கெட்டுக் கிடக்கிறது. "அவன் பராமரிப்புக் கட்டணம் கட்டவில்லை, நான் ஏன் கட்ட வேண்டும்?" என்கிறோம். இதுவும் அந்த இரண்டு கைதிகள் கதைதான். யார் கட்டினார், எவ்வளவு சேர்ந்தது, எதற்குச் செலவானது என்று மாதாமாதம் சுவரில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தளத்திலிருந்து தொடங்குங்கள்.

நான்கு: ஒரு சங்கத்தை முறையாகப் பதிய ஏழு பேர் போதும். நெருக்கடி வருமுன் பதியுங்கள். விதியில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: "வெளியிலிருந்து வரும் எந்தச் சலுகையையும் யாரும் தனியாகக் கேட்கவோ கையெழுத்திடவோ மாட்டோம். பொதுக்கூட்டத்தில் எல்லார் முன்னும்தான் கேட்போம்." சட்டப்படி ஒருவர் கையை இது கட்டிவிடாது. ஆனால் தனி அறையின் கதவைத் திறந்து வைக்கும்.

ஐந்து: கூட்டத்தில் பெண்களைப் பின்வரிசையில் தேநீர் ஊற்ற வைக்காதீர்கள். கூட்டுக் கணக்கை ஒரு காசு பிசகாமல் நடத்துபவர்கள் அவர்கள். பொருளாளர் நாற்காலியை அவர்களுக்குக் கொடுங்கள்.

மனிதன் தேவனும் அல்ல, நண்டும் அல்ல. நம் எல்லாருக்குள்ளும் பயம் இருக்கிறது, பொறாமை இருக்கிறது, பிள்ளைக்காக எதையும் செய்யும் அவசரம் இருக்கிறது. அதே நெஞ்சில் ஈரமும் இருக்கிறது. எதற்கு இடம் கொடுக்கும் சமுதாயத்தைக் கட்டப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

அடுத்த கலியாண வீட்டில் யாராவது நண்டுக் கதையைத் தொடங்கினால் சிரிக்காதீர்கள். "அண்ணே, வாளி யாருடையது?" என்று கேளுங்கள். பிள்ளைகள் காதில் அந்தக் கேள்வி விழட்டும்.